மெயில் ஓடுது, அட்மின் பேனல் மட்டும் தொங்குது, ரீஸ்டார்ட் பண்ணா மூணு நிமிஷம்தான் தாங்குது

தபால்பெட்டி:
வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் அவசரம், நேரா விஷயத்துக்கு வரேன். டெபியன் லினக்ஸ்ல மெயில் அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், யூசர் மெயில் படிக்க டவ்காட், டேட்டாபேஸுக்கு மரியாடிபி, முன்னாடி வெப் சர்வரா என்ஜின்எக்ஸ், அதுக்குப் பின்னாடி பிஎச்பி கோடை ஓட்டற பிஎச்பி-எஃப்பிஎம்ல (சுருக்கமா எஃப்பிஎம்) ஓடுற, மெயில் அக்கவுண்டுகளை நிர்வகிக்கற ஒரு அட்மின் பேனல், இதான் செட்டப். மெயில் போகுது வருது, 25, 587 (மெயில் அனுப்ப), 993 (மெயில் படிக்க) மூணு போர்ட்டும் தட்டின உடனே பதில் சொல்லுது, யூசர்கிட்ட இருந்து ஒரு புகாரும் இல்ல. அட்மின் பேனல் மட்டும் செத்துப் போகுது. லாகின் பக்கம் வரும், உள்ள போனா டாஷ்போர்டு வரும், அதுக்கப்புறம் எதைக் கிளிக் பண்ணாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், ஒரு நிமிஷம் கழிச்சு 504 பிழை (டைம்அவுட்). இன்னும் கொஞ்ச நேரம் போனா லாகின் பக்கமே வராது. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா ரெண்டு மூணு நிமிஷம் நல்லா வேலை செய்யும், அப்புறம் பழைய கதைதான். சிபியு சும்மா கிடக்கு, ராம் பாதிக்கு மேல காலி. போன மாசம் வரைக்கும் இப்படி ஒண்ணும் இல்ல, பேனலை அப்டேட்டும் பண்ணல. புது ஆளுங்களுக்கு அக்கவுண்ட் போட முடியல, பாஸ்வேர்டு மாத்திக் கொடுக்க முடியல, மேல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு யாராவது வழி சொல்லுங்க.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
முதல்ல டிஸ்க் பாத்தீங்களா ப்ரோ? டிஎஃப் மைனஸ் எச் போட்டா இடம் இருக்கற மாதிரி காட்டும், ஆனா டிஎஃப் மைனஸ் ஐ போட்டா ஐநோடு, அதாவது எத்தனை ஃபைல் வைக்கலாம்ன்ற எண்ணிக்கை, 100 சதவீதம் தீர்ந்து போயிருக்கும், எனக்கு அப்படி ஆயிருக்கு. லாகின் விவரம் வைக்கற பிஎச்பி செஷன் ஃபைல் கிளீன் ஆகாம லட்சக்கணக்குல குவிஞ்சு கிடந்துச்சு, புது ஃபைல் ஒண்ணு கூட உருவாக்க முடியாம லாகினே ஆகல. மெயில்டிர் ஃபார்மட்ல ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், அதனால மெயில் சர்வர்ல ஐநோடு மத்த சர்வரை விட சீக்கிரம் தீரும். ரெண்டையும் பாத்துட்டு சொல்லுங்க.

தபால்பெட்டி:
ரெண்டும் பாத்தேன் ப்ரோ. இடம் 40 சதவீதம் காலி, ஐநோடு அதுக்கு மேலயே காலி. டெலீட் பண்ணியும் ப்ராசஸ் பிடிச்சுக்கிட்டு இருக்கற ஃபைல் எதுவும் இருக்கான்னு எல்எஸ்ஓஎஃப்லயும் பாத்தேன், பெருசா இல்ல. கெர்னல் லாக்கான டிமெசேஜ்ல, ராம் தீர்ந்தா ப்ராசஸைக் கொல்ற ஓஓஎம் கில்லர் வந்த தடயமும் இல்ல.

கதவுஎண்443:
தப்பா லாகின் பண்ற ஐபியைத் தடுக்கற ஃபெயில்2பேன் உங்க ஐபியையே தடுத்துடுச்சோ? டிஃபால்ட்டா 10 நிமிஷத்துக்குள்ள 5 தடவை தப்பா போனா 10 நிமிஷம் தடை. திரும்பத் திரும்ப ரீலோட் பண்றதுல அதுல மாட்டிக்கிட்டவங்க நிறைய பேரு.

வேர்க்கணக்கு:
அது இல்ல தோழர். தடை விழுந்தா கனெக்ஷனே ஆகாது, என்ஜின்எக்ஸ்ல இருந்து 504 வராது. 504 வருதுன்னா என்ஜின்எக்ஸ் உயிரோட இருக்கு, பின்னாடி எஃப்பிஎம்கிட்ட வேலையைக் கொடுத்துட்டு 60 செகண்ட் காத்திருந்து பாத்துட்டு கை விரிக்குதுன்னு அர்த்தம், ஃபாஸ்ட்சிஜிஐ ரீட் டைம்அவுட் டிஃபால்ட் அந்த 60 தான். எஃப்பிஎம் செத்தே போயிருந்தா 502 வந்திருக்கும். அதனால இது "செத்துப் போன" கேஸ் இல்ல, "எதுக்காகவோ காத்துக்கிட்டு நிக்கிற" கேஸ். சிபியு சும்மா கிடக்குன்னு நீங்க சொன்னதும் அதுக்குத்தான் பொருந்துது.

தபால்பெட்டி, உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன், அடுத்த தடவை தொங்கும்போது தயவுசெஞ்சு ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. ரீஸ்டார்ட் பண்ண உடனே யாரு எங்க நிக்கிறாங்கன்ற தடயம் மொத்தமா அழிஞ்சு போகுது, நீங்க திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கறீங்க. மெயில் ஓடிக்கிட்டுதானே இருக்கு, அப்புறம் மொத்த சர்வரையும் ஏன் ஆட்டணும்? தொங்கின நிலையிலேயே விட்டுட்டு, எஃப்பிஎம் லாக்ல என்ன எழுதியிருக்கு, என்ஜின்எக்ஸ் ஆக்சஸ் லாக்ல எந்தப் பக்கத்துக்கு 504, எதுக்கு 499 வருதுன்னு எடுத்துப் போடுங்க. 499ன்னா பதில் வர்றதுக்கு முன்னாடியே பிரவுசர் கிளம்பிப் போயிடுச்சுன்னு அர்த்தம்.

தபால்பெட்டி:
சரிங்கண்ணே, தொங்க விட்டுட்டேன். எஃப்பிஎம் லாக்ல, பூல்ல மேக்ஸ் சில்ட்ரன், அதாவது ஒரே நேரத்துல ஓடக்கூடிய வொர்க்கர் எண்ணிக்கை, 5ஐ எட்டிடுச்சு, கூட்டறதைப் பத்தி யோசிங்கன்னு ஒரு எச்சரிக்கை இருக்கு. ஆக்சஸ் லாக்ல 504ம் 499ம் கலந்து வருது. ரொம்ப அதிகமா வர்றது டாஷ்போர்டு தானா ரெஃப்ரெஷ் பண்றதுக்குக் கூப்பிடற ஒரு ஸ்டேட்டஸ் ஃபைல்.

வேகம்தான்_வேணும்:
அவ்ளோதான் பாஸ், லாகே பதில் சொல்லிடுச்சே. டெபியன்ல வர்ற டிஃபால்ட் 5, அது எந்தக் காலத்துலயும் பத்தாது. 50 ஆக்குங்க, எஃப்பிஎம்மை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணுங்க, முடிஞ்சது. உங்ககிட்டதான் ராம் காலியா கிடக்கே.

வேர்க்கணக்கு:
அவசரப்பட வேணாம்னு சொல்லுவேன். மொத்தமே மூணு நாலு பேரு பாக்கற அட்மின் பேனலுக்கு 5 வொர்க்கர் தாராளம். ஒரு பக்கம் கால் செகண்ட்ல முடியுதுன்னு வெச்சுக்கோங்க, 5 பேர் சேர்ந்து செகண்டுக்கு 20 பக்கம் கொடுப்பாங்க. அந்த 5ம் நிறைஞ்சு போச்சுன்னா கூட்டம் அதிகம்னு அர்த்தம் இல்ல, கவுன்டர்ல உக்காந்திருக்கற 5 பேரும் ஏதோ ஒரு போன் காலை ஹோல்டுல வெச்சுக்கிட்டு நிமிஷக்கணக்கா உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். யார் அந்த லைன்ல அந்தப் பக்கம் இருக்கான்றதுதான் கேள்வி. கவுன்டரை 50 ஆக்கினா 50 பேரும் ஹோல்டுல போவாங்க, கொஞ்ச நேரம் அதிகம் ஆகும், அவ்ளோதான்.

தபால்பெட்டி:
அண்ணே, மேல ரொம்ப நெருக்கறாங்க, அதனால 50 ஆக்கிப் பாத்தேன். நல்ல சேதி, முன்னாடி மூணு நிமிஷத்துல போனது இப்ப அரை மணி நேரம் தாங்குச்சு. கெட்ட சேதி, அரை மணி நேரம் கழிச்சு அதே மாதிரி போயிடுச்சு. லாக்ல அதே எச்சரிக்கை, இந்தத் தடவை 50ன்னு இருக்கு.

இன்னொண்ணும் கவனிச்சேன், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. லீவு நாள்ல வீட்டுல இருந்து விபிஎன்ல வந்தா டாஷ்போர்டு தாண்டி ஒரு பக்கம் லேட்டா வருது, ஆனா மொத்தமா தொங்கறதில்ல. ஆபீஸ் நேரத்துலதான் முழுசா போகுது.

லாக்_வாசகி:
இந்தக் கடைசிப் பதிவுல இருக்கற நேரக் கணக்குதான் இது வரைக்கும் வந்ததுலயே முக்கியமானதுன்னு எனக்குத் தோணுது. 5க்கு மூணு நிமிஷம், 50க்கு அரை மணி. பத்து மடங்கு வொர்க்கர், பத்து மடங்கு நேரம். அப்படின்னா ஒரே சீரா யாரோ வொர்க்கரை ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே போறாங்க, திருப்பிக் கொடுக்கறது ரொம்பக் கம்மி. மனுஷங்க கிளிக் பண்ணா இவ்வளவு சீரா இருக்காது. ஆபீஸ்ல யாராவது டாஷ்போர்டைத் திறந்தே வெச்சிருக்காங்களா? மானிட்டரிங் டூல் ஏதாவது அந்தப் பக்கத்தை அடிக்குதா?

தபால்பெட்டி:
மானிட்டரிங் 25, 993 போர்ட் மட்டும்தான் பாக்குது. ஆனா ஆமாங்க, ஆபரேஷன்ஸ் ரூம்ல பெரிய ஸ்க்ரீன்ல இந்த டாஷ்போர்டு நாள் முழுக்க திறந்தே இருக்கும், மெயில் க்யூ எண்ணிக்கை பாக்கறதுக்கு. 30 செகண்டுக்கு ஒரு தடவை தானா ரெஃப்ரெஷ் ஆகும். ஆனா அது ரெண்டு வருஷத்துக்கும் மேல அப்படித்தான் இருக்கு, அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே.

லாக்_வாசகி:
ஸ்க்ரீன் மேல தப்பு இல்ல, அது கூப்பிடற ஃபைல் உள்ள ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. ஊகிக்க வேணாம், பாத்துடலாம். எஃப்பிஎம் பூல் கான்ஃபிக்ல ஸ்லோலாக்னு ஒண்ணு இருக்கு, ரிக்வெஸ்ட் ஸ்லோலாக் டைம்அவுட் 10 செகண்ட்னு வைங்க, ஸ்லோலாக் ஃபைலுக்கு ஒரு பாதை கொடுங்க, எஃப்பிஎம்மை மட்டும் ரீலோட் பண்ணுங்க. 10 செகண்டுக்கு மேல எடுக்கற ஒவ்வொரு ரிக்வெஸ்டும் அந்த நிமிஷம் எந்த ஃபங்ஷன்ல, எந்த ஃபைல்ல, எந்த வரில நிக்குதுன்னு எழுதி வெச்சிடும். மெமரி லீக், டேட்டாபேஸ் பூட்டுன்னு நாம இங்க உக்காந்து அடுக்கறதை விட அது ஒரு வரில சொல்லிடும். வொர்க்கர் எண்ணிக்கையை மறுபடி 5க்கே கொண்டு வாங்க, சீக்கிரம் தொங்கும், சீக்கிரம் தெரியும்.

பழைய_சிசாட்மின்:
டேட்டாபேஸையும் ஒரு எட்டு பாத்துடுங்க தம்பி. ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் போட்டா மெட்டாடேட்டா பூட்டுக்காகக் காத்திருக்கேன்னு யாராவது நிக்கிறாங்களான்னு தெரிஞ்சிடும். ராத்திரி பேக்கப் டம்ப் எடுக்கறது முடியாம காலைல வரைக்கும் டேபிளைப் பூட்டி வெச்சிருந்து இதே மாதிரி பேனல் தொங்கினதைப் பாத்திருக்கேன். ஆனா அப்படின்னா போஸ்ட்ஃபிக்ஸும் அதே டேபிள்லதான் அட்ரஸ் தேடும், புது மெயில் வர்றதே தடுமாறும். உங்களுக்கு மெயில் ஒழுங்கா வருதுன்றதால எனக்கு அதுல பெருசா சந்தேகம் இல்ல, இருந்தாலும் பாத்துட்டா மனசுக்கு நிம்மதி.

அப்புறம் புது அக்கவுண்டுக்காகப் பேனல் சரியாகற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பேனல்ன்றது அந்த டேபிள்ல ஒரு வரி எழுதற ஃபார்ம்தான், மெயில் சர்வர் பேனலைக் கேட்டு ஓடறதில்ல, டேபிளைக் கேட்டுத்தான் ஓடுது. டவ்அட்ம் பிடபிள்யூன்னு ஒரு கமாண்ட் இருக்கு, பாஸ்வேர்டு கொடுத்தா ஹேஷ் பண்ணி, அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவமா மாத்திக் கொடுக்கும், உங்க டேபிள்ல ஏற்கனவே இருக்கறவங்க எந்த ஸ்கீம்ல இருக்காங்களோ அதே ஸ்கீம்ல போடுங்க. வேலை செய்யற ஒரு யூசரோட வரியை மாதிரியா வெச்சு, டொமைன், மெயில்டிர் பாதை, கோட்டா, ஆக்டிவ் எல்லாம் அச்சு அசலா அதே வடிவத்துல ஒரு வரி சேருங்க. சேக்கறதுக்கு முன்னாடி அந்த டேபிளை டம்ப் எடுத்து வெச்சுக்கோங்க, இதுல சோம்பேறித்தனம் கூடாது. முடிச்சதும் டவ்அட்ம் ஆத் டெஸ்ட் போட்டு லாகின் ஆகுதான்னு பாத்துட்டு யூசர்கிட்ட கொடுங்க.

தபால்பெட்டி:
சார், பெரிய உதவி. ப்ராசஸ்லிஸ்ட்ல எல்லாம் ஸ்லீப்ல கிடக்கு, பூட்டு எதுவும் இல்ல. நீங்க சொன்னபடி புது அக்கவுண்ட் எல்லாம் நேரா டேபிள்ல போட்டுட்டேன், எல்லாரும் லாகின் ஆகிட்டாங்க, இப்ப மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ஸ்லோலாக் வெச்சிட்டு ஸ்க்ரீனை அப்படியே விட்டிருக்கேன்.

தபால்பெட்டி:
வந்துடுச்சு. 5 வொர்க்கர்ல 4 பேர் செஷன் ஸ்டார்ட்ன்ற ஃபங்ஷன்ல நிக்கிறாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் வெளிய இன்னொரு சர்வரைக் கூப்பிடற கர்ல் எக்ஸிக்ல நிக்கிறார், வெர்ஷன் செக்னு பேர் இருக்கற ஒரு ஃபைல்ல இருந்து. அந்த நாலு பேர் எதுக்கு செஷன்லயே நிக்கணும்னு எனக்குப் புரியல, செஷன் ஃபோல்டர்ல பர்மிஷன் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

லாக்_வாசகி:
இதான், மாட்டிடுச்சு!

பிஎச்பி டிஃபால்ட்டா செஷனை ஃபைல்ல வைக்கும், ஒரு ரிக்வெஸ்ட் செஷனைத் திறந்தா அந்த ஃபைலைப் பூட்டிடும், அந்த ரிக்வெஸ்ட் முடியற வரைக்கும் இல்லன்னா கோட்ல செஷன் ரைட் க்ளோஸ்னு சொல்ற வரைக்கும் பூட்டு திறக்காது. அதே பிரவுசர்ல இருந்து, அதாவது அதே செஷன் குக்கீயோட, அடுத்த ரிக்வெஸ்ட் வந்தா அது அந்தப் பூட்டுக்காக வரிசையில நிக்கும், நிக்கும்போது ஒரு வொர்க்கரையும் பிடிச்சு வெச்சுக்கும். உங்க ஸ்க்ரீன்ல நடக்கறது இதுதான்: முதல் ரெஃப்ரெஷ் வெளிய எங்கயோ போய் கர்ல்ல மாட்டி நிக்குது, 30 செகண்ட்ல அடுத்தது வந்து பூட்டுக்காக நிக்குது, அடுத்த 30ல இன்னொண்ணு. ஒரே ஒரு டேப் போதும், ரெண்டு மூணு நிமிஷத்துல 5 வொர்க்கரும் காலி. அதுக்கப்புறம் வேற கம்ப்யூட்டர்ல இருந்து நீங்க லாகின் பண்ண வந்தாலும் கொடுக்க ஆள் இல்ல.

என்ஜின்எக்ஸ் 60 செகண்ட்ல 504 கொடுத்துட்டுப் போயிடுதே, அப்ப வொர்க்கர் விடுபடணுமேன்னு கேப்பீங்க. விடுபடாது, பூட்டுல தூங்கறவருக்கு அந்தப் பக்கம் ஆள் போயிட்டது தெரியாது. பிஎச்பியோட மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் 30 செகண்ட்ல வெட்டணுமேன்னும் கேப்பீங்க, லினக்ஸ்ல அது ஸ்க்ரிப்ட் தன்னோட வேலையில செலவழிச்ச நேரத்தை மட்டும்தான் எண்ணும், நெட்வொர்க்குக்காகவோ பூட்டுக்காகவோ தூங்கற நேரம் கணக்குல வராது. இது தெரியாம 30 செகண்ட் லிமிட் இருக்கேன்னு நம்பி எத்தனையோ பேர் நாள் கணக்கா தேடியிருக்காங்க, எனக்கு இதைப் பாக்கறப்பல்லாம் கோவமே வரும், டாக்குமென்ட்ல சின்னதா ஒரு குறிப்பா இருக்கு.

இப்ப பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த கர்ல் எங்க போய் நிக்குது. தொங்கும்போது எஸ்எஸ் கமாண்ட்ல சின்-சென்ட் நிலையில, அதாவது கதவைத் தட்டிட்டு பதிலுக்கு நிக்கிற நிலையில, இருக்கற கனெக்ஷனை மட்டும் ப்ராசஸ் பேரோட காட்டச் சொல்லுங்க.

தபால்பெட்டி:
பாத்தேன். பிஎச்பி-எஃப்பிஎம் ப்ராசஸ், வெளிய ஒரு அட்ரஸ், போர்ட் 443 (எச்டிடிபிஎஸ்), சின்-சென்ட். அந்த அட்ரஸ் பேனல் பண்ணினவங்களோட அப்டேட் சர்வர். நானே சர்வர்ல இருந்து கர்ல் போட்டேன், ரெண்டு நிமிஷத்துக்கும் மேல அப்படியே நின்னு அப்புறம் டைம்அவுட் சொல்லுது. அந்த அட்ரஸ் மட்டும் இல்ல, எந்த சைட்டுக்கு 443ல போனாலும் அதே கதைதான். என் லேப்டாப்ல இருந்து எல்லாம் திறக்குது.

வேர்க்கணக்கு:
உங்க சர்வர்ல இருந்து வெளிய போற 443ஐ யாரோ ஃபயர்வால்ல ட்ராப் பண்ணியிருக்காங்க. ரிஜெக்ட் பண்ணியிருந்தா அந்த செகண்டே "முடியாது"ன்னு பதில் வந்து கர்ல் திரும்பியிருக்கும், பேனல் வெர்ஷன் தெரியலன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாத்திருக்கும், உங்களுக்கு இந்தப் பிரச்சனையே தெரிஞ்சிருக்காது. ட்ராப்னா பாக்கெட் கிணத்துல விழுந்த மாதிரி, பதிலே வராது. லினக்ஸ் 1, 2, 4, 8, 16, 32, 64 செகண்ட்னு இடைவெளி விட்டு திரும்பத் திரும்பத் தட்டிப் பாக்கும், சின் ரீட்ரை டிஃபால்ட் 6, கூட்டினா 127 செகண்ட். நீங்க சொன்ன ரெண்டு நிமிஷத்துக்கும் மேலன்றது அதுதான்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்க்ரீன் நிமிஷத்துக்கு 2 ரிக்வெஸ்ட் அனுப்புது. பூட்டு ஒண்ணுதான்றதால 127 செகண்டுக்கு ஒண்ணுதான் முடியும், அதாவது நிமிஷத்துக்கு அரைக்கும் கீழ. நிமிஷத்துக்கு ஒன்றரை ஒன்றரையா சேந்துக்கிட்டே போகும். 5 வொர்க்கர் மூணு நிமிஷத்துல தீரும், 50 அரை மணியில தீரும். நீங்க பாத்தது அச்சா அதேதான்.

வேகம்தான்_வேணும்:
கணக்கு சரியா வருது, நான் சொன்னது தீர்வு இல்லன்னு ஒத்துக்கறேன் அண்ணே. ஆனா ஒரு சந்தேகம், வெர்ஷன் செக் எல்லாப் பேனல்லயும்தான் இருக்கு, முன்னாடியும் இருந்திருக்கும், 30 செகண்டுக்கு ஒரு தடவை வெளிய போய்க் கேக்குமா என்ன?

தபால்பெட்டி:
அந்தக் கோடைத் திறந்து பாத்தேன். பதில் வந்தா டேட்டாபேஸ்ல எழுதி வெச்சுக்கிட்டு 24 மணி நேரத்துக்கு மறுபடி கேக்காது. பதில் வரலன்னா எதையும் எழுதறதில்ல, அதனால அடுத்த ரெஃப்ரெஷ்ல மறுபடி போகுது. கர்ல்ல டைம்அவுட்டே வைக்கல. நெட்வொர்க் டீம்ல கேட்டேன், போன மாசம் செக்யூரிட்டி ஆடிட்டுக்கு அப்புறம் சர்வர் எல்லாத்துக்கும் வெளிய போற கனெக்ஷனை டிஃபால்ட்டா மூடிட்டாங்களாம். மெயில் சர்வருக்கு 25ம், டிஎன்எஸ்ஸுக்கான 53ம் மட்டும் திறந்து விட்டிருக்காங்க. மெயில் சர்வருக்கு அது போதும்னு நினைச்சிருக்காங்க, நியாயமான நினைப்புதான்.

கதவுஎண்443:
அப்படி மூடறது நல்ல பழக்கம்தான், அதை எதிர்க்கக் கூடாது. உள்ள எவனாவது பூந்துட்டா வெளிய டேட்டாவை எடுத்துட்டுப் போறது கஷ்டமாகும். ஆனா உள்ள இருந்து வெளிய போற தடைக்கு ட்ராப் வைக்கறதுல பாதுகாப்புக்கு ஒரு லாபமும் இல்ல. வெளிய இருந்து வர்றவனுக்கு ட்ராப் வெச்சா அவன் ஸ்கேன் மெதுவாகும், சரி. நம்ம சொந்த சர்வரை ஏன் 127 செகண்ட் காக்க வைக்கணும்? உள்ளிருந்து போறதுக்கு ரிஜெக்ட் போடச் சொல்லுங்க. இதுல ரெண்டு கருத்து இருக்கலாம், என் கருத்து இதுதான்.

லாக்_வாசகி:
நானும் அதேதான் சொல்வேன். அதோட உங்க பக்கத்துலயும் சரி பண்ணுங்க, ஏன்னா நாளைக்கு அந்த அப்டேட் சர்வரே படுத்துட்டாலும் இதே நிலைதான் வரும். பேனல் கான்ஃபிக்ல வெர்ஷன் செக்கை அணைக்க வழி இருந்தா அணைச்சிடுங்க, வெர்ஷன் பாக்கறது மனுஷன் மாசத்துக்கு ஒரு தடவை பண்ற வேலை, ரெஃப்ரெஷ்ல இருக்கக் கூடாது. எஃப்பிஎம் பூல்ல ரிக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட்னு ஒண்ணு இருக்கு, டிஃபால்ட் 0, அதாவது வெட்டவே மாட்டேன்னு அர்த்தம். அதை 60 வைங்க, தூங்கறவனையும் சேத்து வெட்டும், இதுக்கு மேக்ஸ் எக்ஸிக்யூஷன் மாதிரி சாக்கு கிடையாது. பெரிய எக்ஸ்போர்ட் மாதிரி உண்மையிலேயே நேரம் எடுக்கற பக்கம் ஏதும் இருந்தா அதை மட்டும் பாத்துக்கோங்க. ஸ்லோலாக்கை எடுத்துடாதீங்க, அப்படியே இருக்கட்டும், அது ஒரு சுமையும் இல்ல.

பழைய_சிசாட்மின்:
தம்பி, எல்லாரும் பேனலையே பேசிக்கிட்டு இருக்கீங்க, எனக்கு வேற கவலை. ஒரு மாசமா இந்த சர்வர்ல இருந்து 443 வெளிய போகல. அப்ப சர்டிபிகேட் எப்படி ரினியூ ஆச்சு? இலவச சர்டிபிகேட் தர்ற லெட்ஸ் என்க்ரிப்ட் வெச்சிருக்கீங்களா? அதை ரினியூ பண்ற சர்ட்பாட் டைமர் தினமும் ரெண்டு தடவை ஓடும், 90 நாள் சர்டிபிகேட்ல 30 நாளுக்குள்ள மிச்சம் இருந்தா ரினியூ பண்ணப் போகும். அவங்க சரிபாக்க வர்றது 80ல உள்ள வர்றதா இருந்தாலும், முதல்ல நம்ம சர்வர்தான் அவங்ககிட்ட 443ல போய்க் கேக்கணும். அது போகலன்னா சத்தமே இல்லாம லாக்ல எழுதிட்டு அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்கும். வைரஸ் ஸ்கேனர் கிளாம்ஏவி இருந்தா அதை அப்டேட் பண்ற ஃப்ரெஷ்கிளாம் லாகையும் பாருங்க, வைரஸ் டெஃபனிஷன் எத்தனாம் தேதியோட நின்னிருக்குன்னு. ஸ்பாம் வடிகட்டற ஸ்பாம்அசாசின் ரூல்ஸும் வெளிய இருந்துதான் வருது. பேனல் தொங்கினது உங்களுக்கு நல்லதுக்குத்தான்னு நினைக்கறேன், உடனே பாருங்க.

தபால்பெட்டி:
சார்... பாத்துட்டு கை நடுங்கிடுச்சு. சர்டிபிகேட் முடிய ரெண்டு வாரம் கூட இல்ல. சர்ட்பாட் லாக் முழுக்க டைம்அவுட். ஃப்ரெஷ்கிளாம் போன மாசத்தோட நின்னு போயிருக்கு, டெஃபனிஷன் 7 நாளுக்கு மேல பழசுன்னு எச்சரிக்கை வரி வரியா இருக்கு, அது எழுதற லாகை இங்க யாரும் திறந்து பாக்கல. இது முடிஞ்சு போயிருந்தா அத்தனை போன்லயும் அவுட்லுக்லயும் எச்சரிக்கை வந்து, அதையும் தாண்டி ஓகே அழுத்தப் பழகிடுவாங்க, அதை நினைச்சாதான் பயமா இருக்கு. நெட்வொர்க் டீம்ல பேசிட்டேன், பிராக்ஸி (நடுவுல நின்னு வெளிய கடத்தற சர்வர்) வழியா சர்டிபிகேட், வைரஸ் டெஃபனிஷன், பேக்கேஜ் அப்டேட் மூணுக்கும் அனுமதி கொடுக்கறாங்க. மத்ததுக்கு உள்ளிருந்து போற ரூலை ரிஜெக்ட் ஆக்கறதுக்கும் ஒத்துக்கிட்டாங்க, 127 செகண்ட் கணக்கைக் காட்டினதும் அவங்களே ஆமான்னுட்டாங்க.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
பிராக்ஸின்னா ஒண்ணு கவனம் ப்ரோ. நீங்க டெர்மினல்ல பிராக்ஸி என்விரான்மென்ட் வேரியபிள் செட் பண்ணிட்டு சர்ட்பாட் ஓட்டிப் பாத்தா ஓடும், ஆனா சிஸ்டம்டி டைமர்ல ஓடும்போது அந்த வேரியபிள் அதுக்குத் தெரியாது. சர்வீஸ் யூனிட்டுக்கு ஓவர்ரைடு ஃபைல் போட்டு அதுல எழுதணும். ஃப்ரெஷ்கிளாமுக்கு அதோட கான்ஃபிக்லயே பிராக்ஸி சர்வர், பிராக்ஸி போர்ட்னு தனி வரி இருக்கு. ரெண்டையும் டைமர் வழியாவே ஓட்டி டெஸ்ட் பண்ணுங்க, கைல ஓட்டினது போதாது.

தபால்பெட்டி:
நல்லவேளை சொன்னீங்க ப்ரோ, நான் கைல ஓட்டிட்டு முடிச்சிருப்பேன். ரெண்டும் சர்வீஸ் வழியா ஓட்டியாச்சு, புது சர்டிபிகேட் வந்துடுச்சு, டெஃபனிஷனும் இன்னைக்கு தேதிக்கு வந்தாச்சு. ஆனா ஒண்ணு புரியல, பேனல்ல என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆனதும் புது தேதி காட்டுது, 587லயும் புது தேதி, 993ல மட்டும் சர்டிபிகேட் பாக்கற ஓபன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட் கமாண்ட் போட்டா பழைய தேதியே வருது. ஃபைல் ஒண்ணுதான், அதே பாதைதான்.

வேர்க்கணக்கு:
போஸ்ட்ஃபிக்ஸோட எஸ்எம்டிபிடி ப்ராசஸ் ரொம்ப நாள் வாழாது, 100 கனெக்ஷன் பாத்தாலோ 100 செகண்ட் சும்மா இருந்தாலோ போயிடும், அடுத்து வர்றது புது ஃபைலைப் படிச்சுக்கிட்டே பொறக்கும். அதனால 587 தானா சரியாயிடுச்சு. டவ்காட் அப்படி இல்ல, தொடங்கும்போது படிச்சதை வெச்சுக்கிட்டே இருக்கும், ரீலோட் சொல்லணும். சர்ட்பாட்ல டெப்ளாய் ஹூக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல என்ஜின்எக்ஸ், டவ்காட் ரெண்டுக்கும் ரீலோட் பண்ற சின்ன ஸ்க்ரிப்டைப் போட்டு வைங்க, ரினியூ வெற்றியா முடிஞ்சா மட்டும் அது ஓடும். போஸ்ட்ஃபிக்ஸையும் சேத்துக்கோங்க, கெடுதல் இல்ல.

தபால்பெட்டி:
ரீலோட் பண்ணேன், 993லயும் புது தேதி வந்துடுச்சு. ஹூக்கும் போட்டாச்சு. மானிட்டரிங்ல 443, 587, 993 மூணுலயும் சர்டிபிகேட் மிச்ச நாள் 20க்குக் கீழ போனா அலர்ட், டெஃபனிஷன் ஃபைல் ரெண்டு நாளுக்கு மேல பழசானா அலர்ட்னு சேத்திருக்கேன். வெர்ஷன் செக்கை அணைச்சாச்சு, டெர்மினேட் டைம்அவுட் 60, வொர்க்கர் 5லயே விட்டுட்டேன். ஸ்க்ரீன் காலைல இருந்து ஓடிக்கிட்டு இருக்கு, எஃப்பிஎம் ஸ்டேட்டஸ்ல ஒரு வொர்க்கருக்கு மேல பிஸியா காட்டல, காத்திருக்கற ரிக்வெஸ்டைக் காட்டற லிசன் க்யூ 0, ஸ்லோலாக் காலி.

பழைய_சிசாட்மின்:
நல்லது தம்பி. கைல நேரா சேத்த அந்தப் புது அக்கவுண்டுகளைப் பேனல்ல ஒரு தடவை திறந்து சேவ் பண்ணிப் பாருங்க, கோட்டாவோ டொமைன் எண்ணிக்கையோ ஏதாவது விட்டுப் போயிருந்தா இப்பவே தெரிஞ்சிடும்.

தபால்பெட்டி:
பாத்துட்டேன் சார், ஒருத்தருக்கு மட்டும் கோட்டா 0ன்னு விழுந்திருந்துச்சு, அதாவது அளவே இல்லாம. சரி பண்ணிட்டேன். எல்லாருக்கும் மனசார நன்றி, இழையைத் தீர்ந்ததுன்னு குறிச்சிடறேன்.